கோடு விழாத புத்தகங்கள்

கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்த பழைய புத்தகக் கடையில் அவளுக்கு டாக்டரக்கா என்று பெயர். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். படியேறி வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள், "என்ன பிரச்சினை, எத்தனை நாளா?" என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் புத்தகம்.

தன்முன்னேற்றம், முதலீடு, வியாபாரம் என்று மூன்று அலமாரிகள் அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக அவற்றுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்கார நாற்காலி உண்டு. அதிலும் புத்தகம்தான் இருக்கும்.

ஒரு தடவை, கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒருவர் வந்தார்.

"பணத்தைப் பெருக்கறதுக்கு நல்ல புத்தகமா ஒண்ணு கொடுங்கக்கா."

"கடன் இருக்கா?"

"அதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க?"

"சளி இருக்கா, சூடு இருக்கான்னு பாக்காம மருந்து கொடுப்பாங்களா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இருக்கு" என்றார்.

"அப்ப முதலீடு இப்ப வேண்டாம். இந்த மெலிசா இருக்கே, இதை எடுத்துக்கங்க. முதல் மூணு அத்தியாயம் படிங்க, போதும். மிச்சத்தை உங்க வீட்டம்மாகிட்ட கொடுத்துடுங்க. அவங்க முடிச்சுடுவாங்க."

ஆறு மாதம் கழித்து அவர் மனைவியையே கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் நாலாவது அத்தியாயத்திலிருந்து படித்திருந்தார்.

ஆனால் அந்த அலமாரிகளில் இருந்ததில் பத்துப் புத்தகத்தைக்கூட டாக்டரக்கா முழுதாகப் படித்ததில்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுவிட்டவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தின் முதுகு. பசை போட்டு ஒட்டிய புத்தகத்தை அகல விரித்தால் முதுகில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். படிக்கப் படிக்கக் கோடுகள் சேரும். படித்தவர் எங்கே நிறுத்தினாரோ அதற்கப்புறம் முதுகு வழவழவென்று இருக்கும். விற்க வருகிறவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் முதுகில் கட்டைவிரலை ஓட்டி, "நாப்பதாம் பக்கத்துல நிறுத்திட்டீங்களா?" என்பாள். வந்தவர் திருடன் பிடிபட்டதுபோல் சிரிப்பார்.

இப்படி ஆயிரக்கணக்கான முதுகுகளைத் தடவித்தான் அவள் கற்றுக்கொண்டாள். பழக்கங்களைப் பற்றிய நீலப் புத்தகத்தை, தினமும் கட்டத்தில் குறி போடச் சொல்லும் பக்கத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பங்குகளைப் பற்றிய தடிமனான புத்தகத்தில், எண்களின் அட்டவணை வந்ததும் ஓடிவிடுகிறார்கள். வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கச் சொல்லும் சிவப்புப் புத்தகத்தை மட்டும் கடைசிப் பக்கம்வரை படிக்கிறார்கள். படித்து முடித்து, மறுநாள் நேரத்துக்கு அதே வேலைக்குப் போய்விடுகிறார்கள். யார் எந்த இடத்தில் நிற்பார் என்பதை ஆளைப் பார்த்தே கணித்து, அந்த இடத்துக்கு முன்னாலேயே விஷயம் முடிந்துவிடுகிற புத்தகமாகப் பார்த்துக் கொடுப்பாள். இதுதான் அவள் வைத்தியம். அநேகமாகத் தப்பியதில்லை.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்னாலேயே வேறு குடும்பத்துக்குப் போய்விட்டார். டாக்டரக்காவுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, தம்பியை என்ன செய்வது என்ற கேள்வியில் வந்த வழியே திரும்பிப் போனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறை சொன்னதில்லை. அவன் ஒரு ஆளாகிவிட்டால் போதும் என்றிருந்தாள்.

தம்பி சாது. கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். நகல் எடுக்கும் கடையில் இருந்தான், கடையை மூடிவிட்டார்கள். கண்ணாடி வெட்டும் பட்டறையில் இருந்தான், கையை வெட்டிக்கொண்டான். பிறகு ஒரு சலவைக் கடையில் மத்தியானத்திலிருந்து இஸ்திரி போட்டான்.

அவன் பத்தொன்பது வயதில் முதல் வேலையை இழந்தபோதுதான் அவள் முதல் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடையில் வேலை செய்பவர்கள் வாரத்துக்கு ஒன்று எடுத்துப் போகலாம், எடுத்தபடியே திருப்பி வைக்க வேண்டும். திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுப்பாள், அடுத்த திங்கட்கிழமை எடுத்துப் போவாள். பன்னிரண்டு வருடம். இடையில் விட்டுப்போன வாரங்களைக் கழித்தாலும் ஐந்நூறுக்குக் குறையாது.

"படிச்சியாடா?"

"படிச்சேன்க்கா."

"என்ன இருந்துது?"

"நல்லா இருந்துதுக்கா."

அவள் கட்டைவிரல் முதுகில் ஓடும். ஒரு கோடு இருக்காது. கொடுத்தபடியே, வழவழவென்று. ஒரு முறை மட்டும் அவன் தானாக, "பாதிக்கு மேல சொன்னதையே திருப்பிச் சொல்றான்க்கா" என்றான். பின்னட்டையைப் படித்துவிட்டுப் பேசுகிறான் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

கோபம் வந்த நாட்களில் திட்டியும் இருக்கிறாள். "ஊருக்கெல்லாம் என் மருந்து கேக்குது, என் வீட்டுல மட்டும் பாட்டில் மூடியே திறக்கலை." அவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் கழுவுவான்.

இன்னொரு இடத்தில், கல்லூரி வாசலில், கிளை திறக்கப் புத்தகக் கடை முதலாளி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாதவர். ஒருநாள் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்.

"அந்தக் கடைக்கு உன் தம்பியைப் போடலாமான்னு ஒரு யோசனை. அமைதியான பையன். நீ என்னம்மா சொல்றே? நீ சரின்னு சொன்னா நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்."

பன்னிரண்டு வருடமாக அவள் காத்திருந்தது அதற்குத்தான். சரி என்ற ஒரு சொல் போதும். அன்று மத்தியானம் முழுவதும் அவள் அதை வாயில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஆனால் தனக்கே நம்பிக்கையில்லாததை அவள் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. சாயங்காலம் முதலாளியிடம் போய் நின்றாள்.

"வேண்டாங்க. நல்லவன்தான். ஆனா எதையும் முடிக்கமாட்டான். ஒரு புத்தகத்துல பத்துப் பக்கம் தாண்டாதவன் கையில ஒரு கடை நிறையப் புத்தகத்தைக் கொடுத்தா என்ன செய்வான்?"

முதலாளி, "உனக்குத் தெரியாததா" என்றார்.

அதைத் தம்பியிடம் மறைக்கவும் அவளுக்கு மனமில்லை. வீட்டுக்கு வந்து, அந்த வாரப் புத்தகத்தோடு, அவன் திருப்பித் தந்து கடையில் இன்னும் விலைபோகாமல் இருந்த முன்வாரப் புத்தகங்கள் இரண்டையும் மேசைமேல் முதுகு தெரிய வரிசையாக வைத்தாள்.

"முதலாளி உன்னைக் கேட்டாரு. கடை வச்சுக் கொடுக்கறேன்னாரு. நான் வேண்டாம்னுட்டேன். ஏன்னு தெரியணும்ல? இதுல ஒரே ஒரு கோடு இருந்தா காட்டு."

தம்பி மூன்றையும் பார்த்தான். "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து, "சரிக்கா" என்றான்.

இரண்டு மாதத்தில் தொலைவில் ஒரு பெரிய நகரத்துக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போய்விட்டான். போகும்போது சண்டையில்லை. அடுத்த திங்கட்கிழமை, பழக்க தோஷத்தில் அவள் ஒரு புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை அப்படியே எடுத்துப் போனாள்.

ஒன்றரை வருடம் போயிற்று. ஒருநாள் பருத்த ஆள் ஒருவர் படியேறி வந்தார்.

"என்ன பிரச்சினை, எத்தனை நாளா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வாத்தியார் சொன்னது சரியாப் போச்சு. போனதும் இதைத்தான் கேப்பாங்கன்னாரு. நான் உங்க தம்பி கூட ஒரே அறைக்கா. இந்தப் பக்கம் வர்ற வேலை இருந்துது. இதைக் கொடுக்கச் சொன்னாரு."

முழங்காலில் மாட்டிக்கொள்ளும் உறை. நாள் முழுக்க நிற்கிற காலுக்கு.

"வாத்தியாரா?"

"அப்படித்தான் கூப்பிடுவோம். அறையில எட்டுப் பேர். எவனுக்கு என்ன கஷ்டம்னாலும் அவர்கிட்டதான் போய் நிப்பான். உடனே சொல்லமாட்டாருக்கா, அதான் கடுப்பு. ரெண்டு நாள் கழிச்சு, நாம மறந்துட்டுச் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப, 'இந்தப் புத்தகம், ஏழாவது அத்தியாயம், அது போதும்'பாரு. பக்கத்து நூலகத்துல போய் எடுப்போம். நான் சீட்டாட்டத்தை விட்டதே அப்படித்தான். எத்தனை புத்தகம் மண்டைக்குள்ள வச்சிருக்காருன்னு தெரியல!"

டாக்டரக்கா சிரித்தாள். யாரோ வேறு ஆளைப் பற்றிப் பேசுகிறார் என்றே அவளுக்குப் பட்டது.

பேசிக்கொண்டே அவர் அலமாரியிலிருந்து நீலப் புத்தகத்தை உருவினார். அதை விரிக்கவில்லை. இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து, சாத்தின கதவின் இடுக்கு வழியாகப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். அந்தப் பெரிய கைகளுக்கு அது பொருந்தவே இல்லை.

"என்ன இது, இப்படிப் பிடிக்கறீங்க?"

"இதுவா? வாத்தியார் பழக்கிவிட்டது. நம்ம புத்தகமா இருந்தா எப்படி வேணா விரிச்சுக்கோ, அடுத்தவங்களுதுன்னா இப்படித்தான்பாரு. முதுகுல கோடு விழுந்துட்டா அக்கா சம்பளத்துல பிடிச்சுடுவாங்களாம். கழுத்து வலிக்கும்தான். பழகிடுச்சு."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. முதல் புத்தகத்தைக் கையில் கொடுத்த அன்று அவள் சொன்ன வார்த்தை அது. ஒரே ஒரு தடவை சொன்னது. சொன்னதை அவள் மறந்துவிட்டாள்.

வந்தவர் போனபின் கடையில் இருந்த தொலைபேசியிலிருந்தே அவனை அழைத்தாள். அந்தப் பக்கம் வண்டிகள் பின்னால் நகரும் சத்தம்.

"நான் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் படிச்சியாடா?"

"படிச்சேன்னு அப்பவே சொன்னேனேக்கா."

"அன்னிக்கு மேசையில வச்சுக் கேட்டேனே, ஏன்டா வாயைத் திறக்கல?"

பதில் வரவில்லை. அவள் காத்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பதில் வரும்வரை காத்திருந்தாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். யாருக்கு எது சரிப்படும்னு நீ சொல்லித் தப்பினதில்லைக்கா. கடை எனக்குச் சரிப்படாதுன்னு நீயே சொன்னா, அதுதான் சரியா இருக்கும்னு தோணுச்சு. படிச்சேன்தான். ஆனா உள்ள ஏறலபோல இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

"டேய், நான் முதுகைப் பாத்துச் சொன்னேன்டா."

"பரவாயில்லக்கா."

"வந்துடு. நான் முதலாளிகிட்ட பேசறேன்."

"வேண்டாம்க்கா. இங்க என்னைப் பத்தி யாரும் யாரையும் கேக்கல. ஒரு பெட்டியைத் தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன், வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. அது நிம்மதியா இருக்கு." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "முழங்கால் உறை சரியா இருக்காக்கா? அளவு தெரியாம வாங்கினேன்."

சரியாக இருக்கிறது என்றாள். இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளியிடமும் பேசிப் பார்த்தாள். கிளையை வேறொருவர் நன்றாகவே நடத்திக்கொண்டிருந்தார். "நீதானேம்மா வேண்டாம்னே?" என்றார் முதலாளி. "ஆமாங்க" என்றாள்.

அந்த வாரம் விடுமுறை நாளில் புதுப் புத்தகங்கள் விற்கிற கடைக்குப் போனாள். தம்பிக்கு என்று சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். ஊருக்கெல்லாம் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிறவள் ஒரு மணி நேரம் நின்றாள். எதைத் தொட்டாலும் கை பின்வாங்கியது. என்ன பிரச்சினை, எத்தனை நாளா என்று அவனிடம் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கடைசியில், சிறிய கடை நடத்துவதைப் பற்றிய ஒன்றை எடுத்தாள். முதல் பக்கத்தில், "இது உனக்கே உனக்கு. நல்லா விரிச்சுப் படி" என்று எழுதி அனுப்பினாள். கிடைத்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து அதே பருத்த ஆள் மறுபடி படியேறி வந்தார். பிரச்சினை என்ன என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். நாற்காலியில் இருந்த புத்தகங்களை இறக்கிவிட்டு உட்காரவைத்தாள்.

"நான் அனுப்பின புத்தகம்..."

"தலைமாட்டுலதான் இருக்குக்கா. பழைய தாள்ல அட்டை போட்டு வச்சிருக்காரு. வேற யாரையும் தொடவிடமாட்டாரு."

"படிச்சானா?"

அவர் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "கையில வச்சிருக்கறதைப் பாத்திருக்கேன். முதுகு வந்தபடியேதான் இருக்கு, ஒரு கோடு இல்ல. ஆனா அவர் பிடிக்கிற பிடிக்கு, படிச்சாரா இல்லையான்னு வெளியில இருந்து எப்படிக்கா சொல்றது?"

அவர் போய் வெகுநேரம்வரை அவள் பழைய புத்தகம் வாங்கும் மேசைப் பக்கம் போகவில்லை. அங்கே ஒரு பெரியவர் விற்பதற்காகப் பை நிறையப் புத்தகங்களோடு நின்றிருந்தார். அவள் வந்து, மேலே இருந்ததைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் தானாக முதுகுக்குப் போனது. விரலை எடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க இதைப் படிச்சீங்களா ஐயா?"

"படிச்சேன்மா" என்றார் அவர்.

அவள் புத்தகத்தைப் பிடித்தபடி, அவர் பதில் இன்னும் வர வேண்டியிருப்பதுபோல் நின்றுகொண்டிருந்தாள்.