சுவருக்கு மேலே ஒரு முழம்

எங்கள் புது வீட்டுக்குக் கல் வெளியிலிருந்து வரவில்லை. நாங்கள் குடியிருந்த காம்பராவை இடித்த கல்லிலேயே அது எழும்பியது. எஹலியகொடையிலிருந்து மேலே ஏறினால் வரும் ரப்பர் தோட்டத்தில், ஒரே கூரைக்கடியில் சுவரோடு சுவராக வீடுகள் ஓடும் லயத்தின் கடைசிக் காம்பரா எங்களுடையது. அதற்குக் கீழே ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொள்ள இடம் கொடுத்தபோது தோட்டத்தில் ஒரு கண்டிஷன் போட்டார்கள். காலியான காம்பராவை நாங்களே இடித்துவிட வேண்டும், வேறு யாரும் வந்து குந்திக்கொள்ளக் கூடாதாம். இடித்ததை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு அதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்தில் தார்ப்பாய் கட்டிக் கொட்டில் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். கருங்கல் அத்திவாரத்துக்கு, செங்கல் உடைசலும் சாந்துக் கட்டியும் தரைக்கு அடியில் நிரப்ப, தகரம் கக்கூசுக்கு. கல்லில் ஒட்டிய பழைய மண்ணைச் சுரண்டுவது என் வேலை. ரப்பர் பால் வெட்டித் தேய்ந்துபோன கத்தி ஒன்றை அப்பா அதற்குக் கொடுத்திருந்தார். கீழ்க் கிராமத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்த சிங்கள பாஸ் ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, நன்றாக இருந்தால் “ஹொந்த கல்” என்பார். உடனே அம்மா அதன்மேல் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்துத் தனியாக ஒதுக்குவார். அதெல்லாம் அம்மாவின் குசினிக்கு. பழைய குசினியில் மழைத் தண்ணீருக்குள் நின்றே சமைத்தவர் அவர். புதுக் குசினித் தரை உயர வேண்டும் என்பது ஒன்றுதான் அந்த வீட்டில் அவர் கேட்டது.

அடுத்த காம்பராவில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, தனியாக இருந்தார். மாமா செத்துப்போய்விட்டார். மகன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான். “நான் காம்பராவ விட்டா அதையும் இடிச்சிப்புடுவாங்க தம்பி, அப்புறம் என் புள்ள லீவுக்கு எங்க வருவான்” என்று அப்பாவிடம் சொல்லி எங்களோடு வர மறுத்துவிட்டார்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யாருடைய கல்யாணத்திலோ யார் யாரை முறையாகக் கூப்பிடவில்லை என்ற விவகாரம், நான் பிறப்பதற்கு முந்தியது. வாசலில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் ரப்பர் மரத்தைப் பார்ப்பார், மற்றவர் ஆகாயத்தைப் பார்ப்பார். ஆனால் லயத்தின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அந்த வழியாகப் பேசுவது மட்டும் பேச்சில் சேர்த்தி இல்லை என்று இரண்டு பேரும் எப்படியோ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“மதினி, பைப்புல தண்ணி வருதா?” என்று அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பார். லயத்துப் பொதுப் பைப் அத்தை வாசலுக்கு நேரே இருந்தது. “நூல் மாதிரி வருது புள்ள, கொடத்தக் குடுத்துவுடு” என்று பதில் சுவருக்கு மேலால் வரும். புளி போகும், கொத்தமல்லி வரும், ஊர்க்கதை முழுக்க வரும். பெரியவர்கள் சண்டை போட்டால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் போல என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்துக் கூரையைக் கழற்றியதும் அந்த ஒரு முழம் வழியாக அத்தையின் கட்டில் வரைக்கும் வெளிச்சம் விழுந்தது. அடுத்து மழை விழும். எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடைத்துவிடத்தான் வேண்டும், உடைசல் கல்லே போதும் என்றார் பாஸ்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், நடுச்சுவரின் உச்சியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த கல்லாக வரிசை கட்டி உட்கார்ந்திருக்கிறது. ஓடிப்போய், “அம்மா, அப்பா ஒங்க கல்ல எல்லாம் அத்தைக்குக் குடுக்குறாரு” என்றேன்.

“நாந்தான் எடுத்துக் குடுத்தேன். வாய மூடிக்கிட்டுக் கல்லச் சொரண்டு” என்றார் அம்மா. அன்று காலையில்தான் அத்தையை ‘வாயாடி’ என்று திட்டியிருந்தார்.

கடைசிக் கல்லுக்கு மட்டும் இடம் இருந்தபோது உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. “ஏ புள்ள, கொஞ்சம் இரு.” ஓட்டை வழியாக ஒரு கை ஊறுகாய்ப் போத்தலை நீட்டியது. அம்மா கற்குவியலில் ஏறி நின்று வாங்கிக்கொண்டார். பாஸ் கல்லை வைத்துச் சாந்தைப் பூசினார். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை அழுவது லேசாகக் கேட்டது. மழை வராமல் அடைத்துக் கொடுத்ததற்கு யாராவது அழுவார்களா? அத்தை மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கல் பற்றாமல் எங்கள் குசினித் தரை ஒரு வரிசை தாழ்ந்தே போனது. இன்றைக்கும் பெருமழைக்கு அங்கே தண்ணீர் ஏறும். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பால் காய்ச்சிக் குடிபோய் சில நாள் ஆகியிருக்கும். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். குசினிக்குள்ளேயே எங்களுக்கென்று ஒரு பைப், அதில் தண்ணீர் பானைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. அப்படியே தலை நிமிராமல், “மதினி, பைப்புல தண்ணி வருதா?” என்றார்.

“நம்ம பைப்புலதான் ஊத்துதேம்மா” என்றேன்.

“ஒன்ன யாரு கேட்டா?”

அத்தையைத்தான் கேட்டிருக்கிறார் என்று விளங்கியது. அதுவும் நல்லதுதான் என்று மேலே லயத்துக்கு ஓடினேன். “அத்த, பைப்புல தண்ணி வருதான்னு அம்மா கேட்டாங்க.”

அத்தை வாசலுக்கு வந்தார். கீழே தெரிந்த எங்கள் புதுக் கூரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “வருதுன்னு சொல்லு” என்றார்.

அவருடைய கண்ணுக்கு நேரே இருந்த பைப்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் வைத்த வாளி காய்ந்து கிடந்தது. ஆனாலும் சொன்னதைச் சொல்ல வேண்டுமே. வந்து சொன்னேன். அம்மா துருவுவதை நிறுத்திவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அப்பா வந்ததும், அத்தைக்குக் கண் தெரியவில்லை, டவுனுக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை.

“கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். நல்ல கண்ணென்றால் காய்ந்த பைப் ஏன் தெரியவில்லை என்று நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.