லொரெட்டா பிரஸ்கி விட்டுப்போன கால்குலஸ்

லொரெட்டா பிரஸ்கியின் மேசைமேல் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கும். விஸ்கான்சினின் வடகோடியில் இருக்கிற அந்தச் சின்னக் கல்லூரியில், டாக்டராகத் துடிக்கும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. அந்த ஊரில் முதலில் ஒரு பட்டம் வாங்கிவிட்டுத்தான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியும். அந்தப் பிள்ளைகளோ தனி ரகம். வேதியியலில் எண்பத்தொன்பது மார்க் வாங்கிவிட்டு இழவு விழுந்த மாதிரி அழுவார்கள். ஏழைகளுக்குச் சூப் ஊற்றப் போனால் கரண்டியைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் எத்தனை மணிநேரம் சேவை செய்தேன் என்று எழுத வேண்டுமே!

அழுகை ஓய்ந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கால்குலஸ் எடுக்கணுமா?

"எதுக்கு?" என்பாள் லொரெட்டா. "எந்த டாக்டராவது உன் தொப்பையைத் தட்டிப் பாத்துட்டுச் சமன்பாடு போட்டிருக்காரா? புள்ளியியல் எடு. நிம்மதியா இரு."

அதில் பெரிய தப்பில்லை. கால்குலஸ் என்கிற அந்த நுண்கணிதப் பாடத்தைக் கேட்கும் மருத்துவக் கல்லூரிகள் சொற்பம்தான். ஆனால் லொரெட்டா அதைச் சொல்லும் வேகத்துக்குக் காரணம் வேறு. 1988இல் அவளும் டாக்டராகும் கனவோடுதான் இதே கல்லூரிக்கு வந்தாள். கால்குலஸ் முதல் தேர்வில் முப்பத்தொன்று. மூன்றாம் வாரமே அந்த வகுப்பின் விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வருது" என்று ஊரெல்லாம் கதை விட்டாள். நவம்பர் வந்தால் மானைச் சுட்டு, தானே தோலுரித்துக் கூறுபோடுகிறவள் சொன்ன அந்தப் பொய்யை ஊரும் நம்பியது. ஊர் எதைத்தான் நம்பாது!

இந்த லட்சணத்தில்தான் டெஸ்ஸா ஹோம்கிரென் அவளிடம் மாட்டினாள். இருபத்தாறு வயது. முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டே படித்து முடித்தவள். பதினேழு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். பதினாறு கைவிரித்துவிட்டன. மார்ச் மாதம் ஒன்றே ஒன்று இடம் தந்தது. கடிதத்தோடு வந்து நின்றவள் முகத்தில் சிரிப்பில்லை.

"ஆகஸ்ட்டுக்குள்ள கால்குலஸ் முடிச்சு, குறைஞ்சது சி கிரேடு வாங்கணுமாம். இல்லேன்னா இடம் கிடையாதாம். லொரெட்டா, நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?"

"அந்த நிபந்தனையைத் தள்ளுபடி பண்ணிடுவாங்கன்னு நெனச்சேன்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சேன்."

எந்தக் கல்லூரி எந்தப் பாடம் கேட்கும் என்று லொரெட்டா வைத்திருந்த பட்டியலில் அந்தக் கல்லூரிக்கு நேராகக் 'கால்குலஸ்' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. வருடா வருடம் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியவள் அவள்தான்.

"எனக்குக் கணக்குன்னாலே பயம். அதுவும் கோடைக்கால வகுப்பு, ஆறே வாரம்," என்றாள் டெஸ்ஸா. "நீங்களும் கூட வந்து உக்காருங்க."

"நானா? எனக்கு அம்பத்தஞ்சு வயசு, பொண்ணே!"

"ஊழியர்களுக்கு ஃபீஸ் கிடையாது, விசாரிச்சுட்டேன். என்னை மாட்டிவிட்டுட்டு நீங்க மட்டும் ஏசி ரூம்ல ஜாலியா இருப்பீங்களா?"

லொரெட்டா டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். டெஸ்ஸா அதைத் திருப்பித் தள்ளிவிட்டாள்.

ஜூன் மாதம், காலை எட்டு மணி வகுப்பு. ஆசிரியர் ஆமுண்ட்சன் கரும்பலகையோடு மட்டும் பேசுகிற பிராணி. தன் முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் இருப்பது அவருக்கு வெறும் வதந்தி. முதல் வாரம் முழுக்க லொரெட்டா கதவோரமாகவே உட்கார்ந்தாள். சாயங்காலம் டெஸ்ஸா வேலை முடிந்து நேராக அவள் வீட்டுக்கு வருவாள். இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். விடை தப்பினால் யார் தப்பு என்று அரை மணிநேரம் சண்டை நடக்கும். இரண்டாம் வாரக் கடைசியில் லொரெட்டாவுக்குச் சண்டையில் ஜெயிக்கிற வழக்கம் வந்துவிட்டது. அது அவளுக்கே பிடிபடவில்லை.

மூன்றாம் வாரம் தேர்வு. விடைத்தாள் வாங்கப் போகும்போதே லொரெட்டா விலகல் படிவத்தைப் பூர்த்தி செய்து கைப்பையில் வைத்திருந்தாள். டெஸ்ஸாவுக்கு அறுபத்தொன்று. சி வாங்க எழுபது வேண்டும். லொரெட்டாவுக்கு எண்பத்துநாலு.

கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த தாளை டெஸ்ஸா உருவினாள். "இது யாருக்கு?"

"எனக்கு."

"எம்பத்துநாலு வாங்கிட்டு ஓடப்போறீங்களா? லூசா நீங்க?"

டெஸ்ஸா படிவத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்திலேயே தான் தப்புவிட்ட கணக்கை எழுதினாள். "உக்காருங்க. இதை எனக்குச் சொல்லிக்குடுத்துட்டு எங்க வேணா போங்க."

லொரெட்டா உட்கார்ந்தாள்.

ஜூலைக் கடைசியில் டெஸ்ஸா எழுபத்திரண்டு எடுத்துத் தப்பித்தாள். லொரெட்டாவுக்கு ஏ மைனஸ், முதல் தரத்துக்கு ஒரே படி கீழே. அந்த வெள்ளிக்கிழமை இருவரும் மீன் வறுவல் சாப்பிடப் போனார்கள். டெஸ்ஸா பியரை உயர்த்தி, "ஏ மைனஸ்! அப்போ நீங்க அன்னிக்கே டாக்டர் ஆயிருக்கலாமே!" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். லொரெட்டாவும் சிரித்தாள். ஆனால் மீதி மீனைத் தட்டோடு தள்ளி வைத்தாள்.

ஆறு வாரம். முப்பத்தேழு வருடம் பயந்து செத்தது வெறும் ஆறு வாரச் சமாச்சாரத்துக்கு. அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்ட அந்தப் பதினெட்டு வயதுக்காரி மேல் வந்தது. தன் பயத்தைப் பத்தொன்பது வருடமாக ஊரான் பிள்ளைகளுக்கு அறிவுரை என்று கொடுத்த ஐம்பத்தைந்து வயதுக்காரி மேல் அதைவிட அதிகமாக வந்தது.

செப்டம்பரில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை.

"மேடம், கால்குலஸ் எடுக்கணுமா?"

"நீ எந்தெந்த மெடிக்கல் காலேஜுக்கு அப்ளை பண்ணப்போறேன்னு ஒவ்வொண்ணாப் பாப்போம். ஒண்ணு ரெண்டு கேக்கும். எதுவும் கேக்கலேன்னா விட்டுடு. ஆனா பயந்துக்கிட்டு மட்டும் விடாதே."

"ரொம்பக் கஷ்டமா இருக்குமா?"

"ஆறு வாரம்," என்றாள் லொரெட்டா. பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெட்டியை இன்னும் கொஞ்சம் லொரெட்டா பக்கமாகத் தள்ளி வைத்தாள்.