சட்டைக்குப் பின்னால் நாலு விரல்

சகோதரங்களே, சாட்சி சொல்ல உங்கள் முன்னால் எழும்பி நிற்கிறேன். குடிக்காமலே தள்ளாடித் திரிந்த ஒரே ஆள் முல்லைத்தீவுக் கரையில் நான்தான்.

போன வருடம் தவக்காலத்தில் தொடங்கியது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்தால், இடது கால் என்னைக் கேட்காமல் வேறு பக்கம் போகும். கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற கரைவலை முதலாளி சம்மாட்டியார் மேல் சாய்ந்துவிட்டேன்.

"சூசை, நன்மை எடுக்க வரேக்கையாவது வெறியில்லாமல் வாடா!"

"ஐயோ அண்ணை, மணந்து பாருங்கோ" என்று அவர் முகத்தில் ஊதினேன். மீன் மட்டும்தான் மணத்தது.

பிறகு பார்க்கிறதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. என் மனிசி றீற்றா இரண்டு பேராகத் தெரிந்த அன்றுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. ஒரு றீற்றாவுக்கே பதில் சொல்லத் தெரியாதவன் நான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். மல்ரிப்பிள் ஸ்கிளிறோசிஸ் என்றார்கள். எனக்கு அது வாயில் வராது. எனக்கு விளங்கியது இதுதான்: வயருக்கு றப்பர் மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்கிறது; உடம்பைக் காக்கிற படையே அதைக் கடிக்கிறது. வளர்த்த நாயே வீட்டுக்காரனைக் கடிக்கிற கதை. சேலைன் ஏற்றினார்கள், தினமும் விழுங்கக் குளிசை தந்தார்கள். முற்றாக மாறாது, கூடாமல் வைத்திருக்கலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே குந்தியிருந்து அழுதேன். கடலுக்குப் போகாத சூசையை எதற்கு வைத்திருக்கிறீர் ஆண்டவரே என்று கேட்டேன்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரன். மீன் வியாபாரி தராசைத் தூக்கினால் அவன் விரலைத்தான் பார்ப்பேன். சுவாமியார் பிரசங்கத்தைச் சுருக்கினால், எங்கேயோ சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று யோசிப்பேன். ஆனால் நோய் வந்தால் முதலில் போவது கால் இல்லை, சந்தேகம்தான்.

அப்போதுதான் ஒரு தம்பி வந்தார். வெள்ளை வான் வண்டியில் வந்தார். ஆட்களை வெள்ளை வானில் ஏற்றிக் காணாமலாக்கிய எங்கள் பக்கத்தில் அதற்கே எனக்குப் பாதி சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அண்ணை, ஸ்ரெம் செல் எண்டு கேள்விப்பட்டிருக்கிறியளோ? தமிழில குருத்தணு. வெளிநாட்டில ஒரே ஒரு ஊசி. நரம்பெல்லாம் புதுசாக் குருத்து விடும்."

எனக்குத் தெரிந்த குருத்து தென்னங்குருத்துத்தான். ஆனாலும் தலையை ஆட்டினேன். படகையும் எஞ்சினையும் விற்றால் போதும் என்றார். ஊசி போடும்வரை ஆஸ்பத்திரிக் குளிசையை நிற்பாட்டச் சொன்னார். போனில் ஒரு வீடியோவும் காட்டினார். யாரோ ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஊசி போட்டன், எழும்பிட்டன், ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். றீற்றா அழவில்லை.

"ஏனப்பா இந்தாள் மேசையை விட்டு வெளியால வரேல்லை?"

"உனக்கு விசுவாசம் காணாது" என்று அவளை அடக்கினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரின் சின்னக் கோயிலுக்குத் தடியை ஊன்றிக்கொண்டு போனேன். "அந்தோனியாரே, தொலைஞ்ச சாமான் எல்லாம் தேடிக் குடுக்கிறீர். என்ர இடது கால் தொலைஞ்சு போச்சு. எடுத்துத் தாரும்" என்று கேட்டேன். வெளியே வந்தவன் திரும்பிப் பார்த்து, "அப்பிடியே அந்தத் தம்பி ஆரெண்டும் ஒருக்காப் பாத்துச் சொல்லும்" என்றேன். அந்த இரண்டாவது விண்ணப்பத்தை அவர் முதலாவதாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் தம்பி போனோடு இருக்கிறார். படகு வாங்க ஆள் பார்த்தாயிற்றாம். அதற்கு முதல் நான் போன் வீடியோவில் ஒரு சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"ஊசி போடமுதல் எப்பிடித் தம்பி சாட்சி சொல்லுறது?"

"விசுவாசத்தில முன்கூட்டியே சொல்லுறதுதான் அண்ணை. உங்களுக்கு நல்ல வாய். சனம் நம்பும்."

புகழ்ந்தால் நான் கரைந்துவிடுவேன். மேசையை இழுத்து முன்னால் போட்டார். றீற்றாவைப் பின்னால் குந்தவைத்து, என் சட்டையையும் சாரத்தையும் இடுப்போடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். நான் நிமிர்ந்து நின்று, "அன்பான சகோதரங்களே, நான் எழும்பிட்டன்" என்று தொடங்கினேன். நல்லாகத்தான் சொன்னேன். எனக்கே அழுகை வந்தது.

கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது. "பிடிச்சுப் பிடிச்சு என்ர கை அறுந்து போச்சு. தூக்கி நிப்பாட்டுறது நான், பேர் ஊசிக்கோ?"

பிடியை விட்டாள். நான் சாக்கு மாதிரி விழுந்தேன். விழுந்த இடத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தபோதே வீடியோவில் இருந்த அந்த மேசை ஞாபகம் வந்தது.

"தம்பி, அந்த முதல் வீடியோவை இன்னொருக்காக் காட்டும்."

காட்ட மனமில்லாமல் காட்டினார். அதே மாதிரி மேசை. அந்த மனிதரின் சட்டையும் இடுப்பில் பின்னுக்கு இழுபட்டிருந்தது. ஓரத்தில் நாலு விரல். ஒரு விரலில் மோதிரம்.

அந்த மனிதருக்கும் ஒரு றீற்றா இருந்திருக்கிறாள்.

"அது எடிற் பிழை அண்ணை" என்றார் தம்பி.

"கெதியா எழும்பி வானில ஏறும் தம்பி. எனக்குத்தான் ஓடேலாது, இவவுக்கு ஓடலாம்" என்றேன். றீற்றா வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றாள். அதற்குப் பிறகு அந்த வானைக் காணவில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்ரர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஸ்ரெம் செல் பொய்யில்லை ஐயா. உங்கட குருத்தணுவையே எடுத்து வச்சு, கடும் மருந்தால கடிக்கிற படையை அழிச்சுப்போட்டுத் திரும்ப ஏத்துறது. வெளிநாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளில சில பேருக்குச் செய்யினம். உயிராபத்தும் இருக்கு. ஆராய்ச்சி இன்னும் நடக்குது. ஒரு ஊசியோட முடியிற அலுவல் இல்லை. குளிசையை நிப்பாட்டினீங்களோ?"

"நிப்பாட்ட விடேல்லை அம்மா. இவ தேத்தண்ணிக்கு முதல் வாயில திணிச்சுப்போடுவா."

"அதாலதான் இண்டைக்கு நடந்து வந்தனீங்கள்" என்றார்.

சகோதரங்களே, என் கால் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் பார்வை ஒன்றாகிவிட்டது. படகு என்னிடமே இருக்கிறது. மச்சான் ஓட்டுகிறான், நான் கரையிலிருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறேன். காலைக் கேட்டவனுக்கு அந்தோனியார் முதலில் தொலைந்த சந்தேகத்தைத் தேடித் தந்திருக்கிறார். அதற்காக ஒவ்வொரு செவ்வாயும் நன்றி சொல்லுகிறேன். என் இடது காலையும் விடாமல் கேட்கிறேன்.

நீங்களும் கேளுங்கள். அழுது கேளுங்கள், அவர் தருவார். ஆனால் யாராவது எழும்பி நின்று சாட்சி சொன்னால், பின்னால் போய் ஒருமுறை பாருங்கள். எனக்கும் அதுதான் சட்டம். இப்போதே எழும்பி வந்து என் சட்டையைப் பாருங்கள். நாலு விரல் இருக்கும். நான் ஒளிக்கவில்லை. அது றீற்றா.