ஐஸ் மாமாவின் அழுகல் பெட்டி

என் அக்காவின் கணவரை எல்லோரும் ஐஸ் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்காவது ஐஸ் வைப்பார் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சாமர்த்தியம் அவரிடம் மருந்துக்குக்கூடக் கிடையாது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடுதா?" என்பதுதான். மச்சினியிடம் கேட்கிற கேள்வியா அது?

அதற்கென்று அவரிடம் ஒரு சோதனை உண்டு. துண்டுக் காகிதம் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடிவிட்டு இழுப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் போச்சு என்று அர்த்தம். வராமல் அடம்பிடித்தால் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், கல்யாண ஃபோட்டோவில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை. அக்கா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவாள்.

இடுப்பு வலி முற்றி, இனி பாரமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு கடையை மூடினார். கடையோடு சேர்த்து வாயையும் மூடிவிட்டார். டீ கொடுத்தால் "ம்". சாப்பிடக் கூப்பிட்டால் "ம்". நானே வேலை மெனக்கெட்டுப் போய் வம்பிழுத்தாலும் அதே "ம்"தான். அதற்கு முன்னால் அவர் எப்படித் தெரியுமா? எந்த வீட்டில் எந்த மோட்டார் எப்படி உறுமியது என்பதை உறுமியே காட்டுகிற ஆள்.

"அப்பல்லாம் தலைவலின்னு அலுத்துக்குவேன். இப்போ சுவரோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்குடி" என்று அக்கா போனில் அழுவாள். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும். பாவமாகவும் இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதர், ஒரு காலையில், கேரட் சீவிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து, "அந்தத் தோலைக் குப்பையில போடாத. நான் உரமாக்கப் போறேன்" என்றார். அவர் கையிலிருந்த போனில் ஓடிய வீடியோவில் யாரோ ஒரு பெண்மணி உரம் செய்வதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாராம். அக்கா கத்தியைக் கீழே போட்டுவிட்டு எனக்குப் போன் அடித்தாள்.

"பேசிட்டார்டி! முழுசா பேசிட்டார்!"

"என்ன சொன்னார்?"

"அழுகப் போடணுமாம்."

"எதை?"

"எதையோ போட்டுட்டுப் போகட்டும், நீ கிளம்பி வா!"

போனேன். கடையிலிருந்து கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்த பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று, மோட்டார் குழாயெல்லாம் கழற்றப்பட்டு, வெறும் கூடாகத் தயாராக நின்றது. அதை மொட்டை மாடிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றியது நானும் அக்காவும். அவர் படியில் நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா, மூலை இடிக்குது பாரு" என்று கத்தினார். எங்கள் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் கத்தினாரே! அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

மாடியில் எங்களை வைத்தே அதை மல்லாக்கப் படுக்கவைத்தார். கதவே மூடியானது. அதற்குப் புது ரப்பர் போட்டார். உள்ளே இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளையெல்லாம் தேடித்தேடிப் பசை வைத்து அடைத்தார். கடைசியில் ஒரு காகிதத்தை இடுக்கில் வைத்து மூடி, "இழு" என்றார் என்னிடம். இழுத்தேன். காகிதம் கிழிந்துவிட்டது.

"பாத்தியா!" என்றார். அதே சிரிப்பு.

வீட்டுக்காரம்மா கீழ்வீட்டில் இருக்கிறார். துணி காயப்போட மாடிக்கு அவரும் வருவார். அடுத்த தெருவில் பால் தீய்ந்தாலும் இங்கிருந்தே கண்டுபிடித்துவிடுகிற மூக்கு அவருக்கு. "வாடை வந்துச்சுன்னா அன்னிக்கே இறக்கிடணும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார். தினமும் தோலும் காம்பும் சக்கையும் உள்ளே போயின. ஒரு வாடையும் வெளியே வரவில்லை. அந்த ரப்பரைத் தாண்டி எப்படி வரும்?

பெட்டி நிறைந்ததும் அப்படியே மூடிவைத்துவிட்டு, சில வாரம் கழித்துத் திறப்பு விழா வைத்தார். விழாதான், வேறென்ன சொல்வது? என்னை வரவழைத்தார். வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டார். அவர் அப்போதுதான் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு மூடியைத் தூக்கினார்.

புஸ்ஸ்ஸ்.

அந்த நாற்றத்தை எழுத ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். உள்ளே உரமும் இல்லை, மண்ணும் இல்லை. கறுப்பாக ஒரு கூழ் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நான் மாடியின் அந்தக் கோடிக்கு ஓடினேன். அக்கா தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரம்மா கைக்குக் கிடைத்த ஈர விரிப்பை மூக்கோடு தலையோடு சுற்றிக்கொண்டு, அதற்குள்ளிருந்தே தீர்ப்பு சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரரைக் கூட்டிட்டு வரேன். இது இங்க இருக்கக் கூடாது!"

"ம்" என்றார் மாமா.

அதைக் கேட்டதும் அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "போச்சுடி. பெட்டி போனா போகுது. மறுபடியும் ஆரம்பிச்சுட்டார் பாரு. இனி இவரை யார் பேச வைக்கிறது?"

எனக்கு வந்ததே கோபம்! அவர் போனைப் பிடுங்கி, அந்தப் பெண்மணியின் வீடியோவை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன். மூடி போட்ட பெட்டி ஒன்று வேண்டும் என்றார் அந்தப் பெண்மணி. அடுத்த மூச்சிலேயே, காற்றுப் போகச் சுற்றிலும் துளை போடுங்கள், ஈரத்துக்கு ஈடாகக் காய்ந்த இலையைக் கலந்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

"மாமா, இதைப் பாக்கலையா நீங்க?"

"மூடி போட்ட பெட்டின்னதுமே எழுந்துட்டேன். பெட்டியைப் பத்தி எனக்கே பாடமா?"

"இப்போ துளை போடுங்க."

"ஃப்ரிட்ஜ்லயா?" பிள்ளையை அடிக்கச் சொன்னதுபோல் பதறினார். "ஓட்டையை அடைச்சே சோறு தின்னவன் நான்."

துளை போடும் மெஷினைக் கையில் எடுத்தார். பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். எடுத்தார். துடைத்தார். மறுபடியும் வைத்தார். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. மிக்ஸியைத் தவிர வேறெந்த மெஷினையும் தொட்டறியாதவள், "தள்ளுங்க" என்று அதைப் பிடுங்கி ஒரே அழுத்தாக அழுத்தினாள். மாமா ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திறந்து பார்த்தவர், "கோணலா போட்டுட்ட" என்றார்.

"அப்போ நேரா நீங்க போடுங்க!"

போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். வேண்டாம் போதும் என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தபோது பெட்டி சல்லடையாகியிருந்தது. கூழின் தண்ணீரை வடித்தோம். நானும் அக்காவும் தெருவில் இறங்கி, மரத்தடி மரத்தடியாகக் காய்ந்த இலையை மூட்டை கட்டினோம். போகிற வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். கூழையும் இலையையும் கிளறிவிட்டு, ஃப்ரிட்ஜுக்குள் குளிர் பார்க்கிற முள் வைத்த கருவியை மாமா அதற்குள் செருகினார். தொழிலில் அந்த முள் இறங்கினால்தான் அவருக்கு நிம்மதி. இப்போது அது ஏறுகிறதா ஏறுகிறதா என்று பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தார். எங்களிடம் வாயே திறக்கவில்லை. அக்கா டீயும் கையுமாக அவரையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா சொன்னபடியே பழைய இரும்புக்காரரோடு வந்தார். மூக்கை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்தார் என்றே சொல்ல வேண்டும். பெட்டியை ஒரு சுற்று சுற்றி மோந்தார். இன்னொரு சுற்று. குனிந்து துளைக்குப் பக்கத்தில் மோந்தார்.

"ஒண்ணும் வரலையே" என்றார். குரலில் லேசான ஏமாற்றம்.

மாமா மூடியைத் திறந்தார். "அம்மா, கையைக் கொஞ்சம் கிட்ட கொண்டுபோங்க."

"ஐயையோ, சுடுது!"

"சுடுதுல்ல? சுடுதுல்ல?" இடுப்பு வலிக்காரர் ஒரு குதி குதித்தார். "நெருப்பில்ல, கரண்ட் இல்ல, தானா சுடுது! குளிரை உள்ள பிடிச்சு வைக்கிற சுவர்தானே? சூட்டையும் பிடிச்சு வைக்குது! நீங்களும் தொட்டுப் பாருங்க!" என்று இரும்புக்காரரின் கையையும் பிடித்து இழுத்தார்.

இரும்புக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ எனக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றார் பரிதாபமாக.

"வந்ததுக்கு என் ஓட்டை வாளியை எடுத்துட்டுப் போங்க" என்றார் வீட்டுக்காரம்மா. பிறகு மாமாவைப் பார்த்து, "இருந்துட்டுப் போகட்டும். எங்க வீட்டுத் தோலையும் இதுலயே போடலாமா?" என்று கேட்டார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா ஆரம்பித்தார். முள் முதலில் அசையாமல் நின்றது, பிறகு நடுங்கியது, பிறகு ஏறியது, பெட்டிக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது என்று கையில் எடுத்த சோறு காய்ந்துபோகும்வரை பேசினார். ஆவி கிளம்பிய சத்தத்தைக்கூட வாயால் செய்து காட்டினார், ஆவிக்கு ஏது சத்தம்? அக்கா பழைய ஞாபகத்தில், "சாப்பிடும்போதாவது கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்றாள்.

மாமா சட்டென்று நிறுத்தினார்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லங்க, தெரியாம சொல்லிட்டேன். முள்ளு ஏறுச்சு, அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு, சொல்லுங்க."