ஏழாம் நம்பர் விளக்கு

"ஒன்பதாவதோட நின்னுட்டே. மெஷினைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"

வேலையில் சேர்ந்த அன்று கிரிதர் அங்கிள் என்னிடம் கேட்டது இது. வங்காளத்தில், டாக்குரியா ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அவருடைய ரிப்பேர் கடை. எனக்கு அதிகம் பேச வராது, எழுத்துதான் வரும். இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

போன டிசம்பர், ஒரு வியாழக்கிழமை. ஒரு நர்சிங் ஹோமிலிருந்து அழைப்பு மணிப் பலகை வந்தது. நோயாளி கட்டிலில் பட்டனை அழுத்தினால், நர்ஸ் மேஜையில் அந்தக் கட்டிலின் நம்பர் எரியும், மணி அடிக்கும். மொத்தம் பன்னிரண்டு நம்பர். முதல் சோதனை மட்டும் என் வேலை. பிளக்கைச் சொருகி, புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் பட்டனை மாட்டி அழுத்த வேண்டும். பார்த்ததைச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

பதினொன்று எரிந்தன. ஏழு எரியவில்லை. மணியும் அடிக்கவில்லை.

"ஒண்ணுதானே? எல்லாம் ஓகேன்னு போடு. அஞ்சு மணிக்கு நர்சிங் ஹோம்லேர்ந்து ரஞ்சன்தா எடுக்க வர்றாரு."

"எரியல அங்கிள்."

"போடலேன்னா நாளைலேர்ந்து வராதே."

டீ குடிக்கப் போய்விட்டார். இந்த வேலை போனால் எனக்கு மறுபடியும் வீட்டின் நாலு சுவர்தான். பிளக்கை உருவிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

மணி 4.17.

டிர்ர்ர்ர்...

ஏழு எரிந்தது.

பிளக் தரையில் கிடந்தது. திடீரென்று ஆஸ்பத்திரி பினாயில் வாசனை...

பலகையில் மணியை நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். நின்றது. மறுபடி டிர்ர்... டிர்... விட்டு விட்டு. கை சோர்ந்த யாரோ அழுத்துவது போல.

நான் ஓடவில்லை. பின்மூடியைக் கழற்றினேன்.

ஏழுக்குப் பின்னால் பல்பே இல்லை. அறுந்த வயர் மட்டும்.

முன்னால்... ஏழு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

சீட்டில் எழுதினேன். "7 வேலை செய்யவில்லை."

மணி நின்றது.

ஐந்து மணிக்கு அங்கிளும், நர்சிங் ஹோம் ரஞ்சன்தாவும் (இங்கே 'தா' என்றால் அண்ணன்) சேர்ந்து வந்தார்கள். சீட்டைப் படித்ததும் ரஞ்சன்தாவின் முகம் வெளுத்தது. வங்காள மொழியில் மெல்லச் சொன்னார். போன திங்கட்கிழமை ஏழாம் கட்டிலில் இருந்த அம்மாள் இறந்துவிட்டாராம். விரல் பட்டன் மேலேயே இருந்ததாம். மணி மட்டும் யாருக்கும் கேட்கவில்லையாம். ஃபைலில் எழுதிய நேரம், மாலை 4.17.

"அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடு" என்றார் அங்கிள்.

"மாட்டேன்."

கழற்றிய மூடியைத் திருப்பிக் காட்டினேன். முந்தின மாதம் இதே பலகை எங்கள் கடைக்கு வந்தபோது எழுதிய சீட்டு உள்பக்கம் ஒட்டியிருந்தது. "பன்னிரண்டும் ஓகே." கீழே அங்கிளுடைய கையெழுத்து.

அதைப் பார்த்தார். பிறகு கடைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.