அக்காவும் என் கைனேஸும்

ஈப்போவில் ஒரு கல்லூரியில் உயிரியல் நடத்துகிறேன். நான் பல வருடங்களாகக் கட்டிக்கொண்டு அழுவது ஒரே ஒரு கைனேஸ் மரபணுவை. யாரும் கேட்பதில்லை, நானே ஆரம்பித்துவிடுவேன். கல்யாணப் பந்தியில் என் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

பக்கத்து ஊரான பத்து காஜாவில் இருக்கும் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அறிக்கையில் அதே மரபணுவின் பெயர் இருந்தது. கண் கலங்கியது. கூடவே, 'அட, நம்ம ஆள்!' என்று ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது. வெட்கங்கெட்ட மூளை.

படம் வரைந்து அக்காவுக்கு விளக்கினேன். மற்ற புரதங்கள்மேல் பாஸ்பேட்டை ஒட்டி, செல்லைப் பெருகச் சொல்லி உத்தரவு போடுவது கைனேஸின் வேலை. வேலை முடிந்ததும் அடங்கிப்போக அதனிடமே ஒரு பூட்டு உண்டு. அக்காவுக்கு அந்த மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டிக்கொண்டதில் பூட்டு போய்விட்டது, உத்தரவு நிற்கவில்லை. தினமும் விழுங்கும் கேப்சூல்தான் அதை அடக்கி வைக்கிறது.

"டீ ஆறுதுலா," என்றாள் அக்கா.

மருந்துக்குக் கட்டுப்பட்டு, நோய் நன்றாக அடங்கியிருந்தது. தைப்பூச விரதம் தொடங்கிய வாரம், அவள் கேப்சூலை நிறுத்திவிட்டதாக அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். குணமாகிவிட்டதென்று நினைத்துவிட்டாள் என நானே முடிவுகட்டி, மார்க்கர் பேனாக்களோடு காரை விரட்டினேன். மருந்து நின்றால் கைனேஸ் மறுபடி கிளம்பும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பயத்தில் இன்னொரு படம் வரைந்தேன்.

"முடிச்சிட்டியா தம்பி?" என்றாள். "கேப்சூல் பெட்டியில ஹலால்னு போட்டிருக்கு. அப்போ அந்தக் கூடு செய்யுற ஜெலட்டின் பன்னியோடது இல்ல, மாட்டோடதுதானே? மத்த நாள்ல கண்ண மூடிக்கிட்டு முழுங்கிட்டேன். விரதத்துல எப்படிலா முழுங்குறது?"

"இத ஏங்கா மொதல்லயே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? படம்ல வரஞ்சிக்கிட்டு இருந்த."

மருத்துவமனையில் விசாரித்தேன். அதே மருந்து கூடு இல்லாத மாத்திரையாகவும் உண்டாம். டாக்டர் மாற்றிக் கொடுத்தார். விரதத்துச் சைவச் சோறு சாப்பிட்டுவிட்டு அக்கா அதை விழுங்கினாள். தொண்டையில் இறங்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று வகுப்பில் இருந்தேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

"உன் கைனேஸு அடங்கித்தான் இருக்காம்," என்றாள் அக்கா. "இப்போ என்னையக் கேளு தம்பி. நான் எப்படி இருக்கேன்னு கேளு."