எலுமிச்சம்பழத்தில் எழுதிய பெயர்

வெள்ளானூரில் ராஜகுமாரியம்மாளின் மேல்மாடிக்கு நிவேதிதா குடிவருவதற்கு முன்னால் நான்கு வீட்டுக்காரர்கள் அவளைக் காலிசெய்ய வைத்திருந்தார்கள். ஒண்டியாக இருக்கும் பெண். அதிலும் பவுர்ணமிதோறும் பால்கனியில் உப்பு, தண்ணீர், விளக்கு, தக்காளிகூட நறுக்காத ஒரு மொட்டைக் கத்தி இவற்றைப் பரப்பிவைத்துக் கும்பிடுகிறவள். வேறென்ன வேண்டும்? ஐந்தாவது வீடாவது நிலைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

அம்பத்தூரில் மென்பொருள் சோதிக்கும் வேலை. விக்கா என்கிற சமயத்தை இணையத்தில் படித்துப் பிடித்துக்கொண்டவள். நிலா தாய், காடு தகப்பன். யாருக்கும் தீங்கில்லையென்றால் எதையும் செய். அனுப்பியது மூன்று மடங்காகத் திரும்பும். அவ்வளவுதான். நரபலி கிடையாது, சாத்தான் கிடையாது, பறக்கும் வசதியும் கிடையாது. ஆனால் இஸ்திரிக்கடை செங்கல்வராயன், அவள் துடைப்பத்தில் ஏறி ஆவடிவரை போய்ப் பால் பாக்கெட் வாங்கிவந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தார். போகும்போது சிக்னலில் நின்றாளாம். இதை நம்பியவர்கள் எல்லாரும் அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைத்து, வாசலில் படிகாரம் கட்டிவைத்தவர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ராஜகுமாரியம்மாள் டப்பா நிறைய அதிரசத்தோடு மேலே வந்தாள். கீழ்வீட்டில் இருக்கும் ஓரகத்தி பார்வதத்தைப் பற்றித்தான் பேச்சு.

“அவ பொண்ணு கனிமொழிக்கு அடுத்த மாசம் கல்யாணம். அவளைவிடப் பெரியவ என் பொண்ணு, ஊட்டுல குந்திகினு கீறா. அந்தக் கல்யாணம் நிக்கணும். நீ செஞ்சி வுடு.”

“அக்கா, எங்க வழியில யாருக்கும் கெடுதல் செய்யக் கூடாது. நீங்க நினைக்கிற மாதிரி சாத்தானெல்லாம் இல்லைக்கா.”

“இல்லாத சாத்தானுக்கு எதுக்குடி கொம்பு வச்ச பொம்மை?”

“அது மான் கொம்புக்கா. காட்டுச் சாமி.”

ராஜகுமாரியம்மாளின் முகம் மாறியது. செய்வினை வைக்கிறவர்கள் ஒரு சண்டையில் இரண்டு பக்கமும் சேரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த தொழில் தர்மம். மறுத்தால் ஒரே பொருள்தான்.

“ஓகோ, பார்வதம் முந்திக்கினாளா? என் மேல இன்னா வச்ச? சொல்லு! இல்லாங்காட்டி நாளைக்கே ஊட்டைக் காலி பண்ணு.”

நான்கு முறை பெட்டி கட்டிய கை கடைசியில் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தது. பேனாவால் ‘கனிமொழி’ என்று எழுதி, ஏழு குண்டூசி குத்தியது. மந்திரத்துக்கு எங்கே போவது? ஆபீஸில் அன்றைக்குப் பார்க்கவேண்டிய பிழைப் பட்டியலை அடிக்குரலில் முணுமுணுத்தாள். “கடவுச்சொல் தவறு, கடவுச்சொல் தவறு” என்ற இடத்தில் ராஜகுமாரியம்மாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பன்னிரண்டாம் நாள் கல்யாணம் நின்றது. திருமழிசையில் வேலைபார்த்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாள். கைக்குழந்தையோடு வந்து பார்வதத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

இனி வீடு நிலைத்தது என்று நிவேதிதா நினைத்தாள். மறுநாள் ராஜகுமாரியம்மாள் பாதிப் படியிலேயே நின்றுகொண்டு கத்தினாள். மேலே ஏறப் பயம்.

“இன்னிக்கே கெளம்பு தாயே, உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“அக்கா, நான் ஒண்ணுமே செய்யலை! அது மந்திரமே இல்லை, ஆபீஸ் வேலை!”

“ஒண்ணும் செய்யாமலே ஒரு கல்யாணம் நிக்குதுன்னா, நீ செஞ்சா இன்னா ஆவும்? என் பொண்ணை வேற பாக்க வர்றாங்க.”

அதற்குள் கீழ்வீட்டுக்கும் செய்தி போயிருந்தது. மேல்மாடிக்காரி தானாகவே, பொறாமையில், பெயர் எழுதிக் குத்தினாளாம். ராஜகுமாரியம்மாள் சொன்னதில் ராஜகுமாரியம்மாள் இல்லை.

நிவேதிதாவின் பெட்டிகளைத் தொட ஆளில்லை. ஒவ்வொன்றாக அவளே இறக்கினாள். கனிமொழி மட்டும் வெளியே வந்தாள். ஒரு கை பிடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து நிவேதிதா பெட்டியைக் கீழே வைத்தாள். வந்தவள் அவள் முகத்தில் காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

நிவேதிதா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெயரை எழுதியது அவள் கைதானே.